கடன் தர வந்தவர் கை நீட்டலாமா?

2025-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. நவநாள் செபம் முடிந்து மக்கள் கலைந்துவிட்டார்கள். கோயில்பிள்ளை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். அப்போது நம் அறைவீட்டு வராந்தாவில் ஒரு தாய் வந்து நின்றார். "சாமி, ஒரு அஞ்சு நிமிசம்" என்றார். ஐந்து நிமிடம் என்று தொடங்கியது இரவு ஒன்பது மணி வரை நீண்டது.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லப்பட்டதாயின் அதைக் குறித்து மூச்சு விடவும் நமக்கு உரிமையில்லை. அவர் வந்தது வராந்தாவுக்கு. "மத்தவங்களுக்கு உபயோகப்படும்னா எழுதுங்க சாமி, பேரு மட்டும் வேண்டாம்" என்று அவரே இசைவு தந்த பிறகுதான் எழுதத் துணிந்தோம். பெயரோடு ஊரையும் விட்டுவிடுகிறோம்.

அவர் வீட்டில் தையல் இயந்திரம் வைத்துப் பிழைப்பவர். கணவர் சந்தையில் மூட்டை சுமந்தவர். முதுகுத்தண்டில் வட்டு விலகி ஓராண்டாகப் படுப்பதும் எழுவதுமாக இருக்கிறார். மூத்த மகள் செவிலியர் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. தேர்வுக்கு முன் கட்டியாக வேண்டிய கல்லூரிக் கட்டணம் ரூ. 85,000. கழுத்திலும் காதிலும் கிடந்தவை முன்னரே கூட்டுறவுச் சங்கத்தில் அடகிலிருந்தன. சுய உதவிக் குழுவில் வாங்கிய கடன் இன்னும் பாதி அடையவில்லை. உறவினர் வீடுகளில் கேட்டு, அவர்கள் முகம் மாறியதையும் கண்டு திரும்பியாயிற்று.

இந்நிலையில், தையல் இயந்திரத்தின்மேல் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பிரதமரின் முத்ரா கடன், ரூ. 2,00,000 வரை; ஜாமீன் தேவையில்லை; வட்டி ஆண்டுக்கு 2 விழுக்காடு; இரண்டு மணி நேரத்தில் பணம் கணக்கில் ஏறும். பெயரையும் எண்ணையும் கேட்டது. கொடுத்தார். கால் மணி நேரத்தில் அழைப்பு வந்தது.

"அக்கா, முத்ரா ஆபீஸ்ல இருந்து பேசுறேன்" என்றது ஓர் இளைஞனின் குரல். நல்ல தமிழ், நிதானமான பேச்சு. ஆதார் அட்டை, பான் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஒரு புகைப்படம் ஆகியவற்றை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொன்னான். அனுப்பினார். அன்று மாலையே ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது. நாமும் அக்கடிதத்தைப் பார்த்தோம். மேலே நான்முகச் சிங்கம், கீழே வட்ட முத்திரை, நீல மையில் கையொப்பம், மாதத் தவணை எவ்வளவு என்று காட்டும் அட்டவணை. இலத்தீனும் சட்டமும் படித்தோம் என்று சொல்லிக்கொள்ளும் நாமே முதற் பார்வையில் அதை மெய்யென்றுதான் நம்பியிருப்போம்.

ஐந்து படிகள்

முதலில் கேட்டது ரூ. 1,850. 'ஃபைல் சார்ஜ்' என்றான். அது கையிலிருந்த தையற்கூலி. இரண்டு நாள் கழித்துக் கடனுக்குக் காப்பீடு என்று ரூ. 5,600. அது சுய உதவிக் குழுத் தவணைக்கென எடுத்து வைத்திருந்தது. அடுத்து ஜிஎஸ்டி வரி என்று ரூ. 9,900. அதைத் தெருவில் ஒருவரிடம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கினார். (கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்த ஊரில் கந்துவட்டியும் இருக்கத்தான் செய்கிறது.)

நான்காவதுதான் கொடுமை. "அக்கா, உங்க கணக்கு எண்ணுல ஒரு எழுத்து தப்பா இருக்கு. பணம் போயி ரிசர்வ் வங்கியில நின்னுடுச்சு. விடுவிக்கணும்னா ரூ. 18,000 கட்டணும்." எண்ணைச் சரியாகத்தான் கொடுத்திருந்தார். ஆனாலும் தாம்தான் பிழை செய்துவிட்டோமோ என்ற அச்சம் பிடித்துக்கொண்டது. மகளின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. பதினோராம் நாள், ஆட்சேபணை இல்லாச் சான்று என்று கேட்டது ரூ. 15,000. அந்தப் பணம் அவருடையதன்று. நம் பங்கின் மகளிர் சேமிப்புக் குழு ஒன்றுக்கு அவர் பொருளாளர். குழுவின் பணம் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது.

ஆக மொத்தம் ரூ. 50,350. கைக்கு வந்ததோ ஒரு காசும் இல்லை. மறுநாள் ஞாயிறு, குழு கூடும் நாள். அதனால்தான் சனிக்கிழமை இரவு நம்மைத் தேடி வந்தார்.

இரண்டாவது தொகையிலேயே ஏன் நிறுத்தவில்லை என்று வாசகர்கள் கேட்பீர்கள். நாமும் கேட்டோம். அவர் சொன்ன கணக்கு இது: நான்காம் முறை கேட்டபோது, போன பணம் ரூ. 17,350. அன்று நிறுத்தினால் அத்தனையும் போயிற்று. இன்னும் ரூ. 18,000 கட்டினாலோ இரண்டு இலட்சமும் வரும். கட்டியதெல்லாம் கடனோடு சேர்ந்து திரும்பிவிடும். ஒவ்வொரு தொகைக்கும் 'திருப்பித் தரத்தக்கது' என்று அச்சிட்ட இரசீது வேறு வந்துகொண்டிருந்தது. கட்டக் கட்ட விலகுவது கடினமாகும்படியாகவே அந்தப் படிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. எனவே, ஏமாந்தவரின் அறிவுக் குறைவை இதில் தேடிப் பயனில்லை.

தயங்கினாலோ குரல் மாறிவிடும். "ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருக்கீங்க. கேன்சல் பண்ணணும்னாலும் பணம் கட்டணும். இல்லேன்னா போலீஸ் வீட்டுக்கு வரும்." வாங்காத கடனுக்கு வழக்கு!

நாம் பேசிக்கொண்டிருக்கையிலேயே அவருடைய கைபேசி ஒலித்தது. அவனேதான். ஒலிபெருக்கியில் போடச் சொன்னோம். "அக்கா, சாப்பிட்டீங்களா? பாப்பாவுக்கு பீஸ் கட்டியாச்சா? அண்ணனுக்கு முதுகு எப்படி இருக்கு? இன்னும் எட்டாயிரம்தான் அக்கா, திங்கட்கிழமை பணம் ஏறிடும்." நாம் கைபேசியை வாங்கி, "யார் பேசுவது?" என்று கேட்டோம். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அன்றிரவு நம் உறக்கத்தைக் கெடுத்தது அந்த வஞ்சகமன்று. அந்த நலம் விசாரிப்பே. அத்தனை நாள்களிலும் அந்தப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றித் தவறாமல் கேட்டுவந்தவன் அவன் ஒருவன்தான். அவர் வீட்டுக்கும் நம் அறைவீட்டுக்கும் இடையே நானூறு தப்படி தூரம்.

நம் பிரசங்கம் செய்த வேலை

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறோம். அவர் வருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலியில் கடனைக் குறித்து மறையுரை ஆற்றினோம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்றோம். கைபேசியில் கோடி ரூபாய்ப் பரிசு என்றவுடன் வாயைப் பிளந்து ஏமாறுவோரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதையும் சொன்னோம். கோயில் முழுதும் சிரித்தது. இரண்டாம் தொகையைக் கட்டியிருந்த அத்தாயும் பெண்கள் பக்கத்தில், நான்காம் வரிசையில் அமர்ந்து, மற்றவர்களோடு சிரித்தாராம். "நீங்க அப்படிச் சொன்னதுக்கு அப்புறம் எப்படி சாமி வந்து சொல்லுறது?" என்று கேட்டார். அதன் பிறகுதான் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது தொகைகள் போயின.

நாம் எங்கே பிழை செய்தோம் என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். முன்பணம் கேட்டு ஏமாற்றும் கலை புதிதன்று. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் ஒரு செல்வந்தர் வாடுகிறார், அவரை விடுவிக்கச் சிறிது பணம் அனுப்பினால் அவருடைய புதையலில் பங்கு கிடைக்கும் என்று எழுதும் கடிதங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீடு வீடாக வந்துகொண்டிருந்தன. பணம் அனுப்பினால் மற்றொரு இடையூறு முளைக்கும். அதற்கும் பணம் கேட்பார்கள். பிற்காலத்தில் பரிசுச் சீட்டு என்றும், வெளிநாட்டு மரபுரிமை என்றும் அதே கதை வேடம் மாற்றி வந்தது. அவற்றிலெல்லாம் உழைக்காமல் வரும் பொருள்மேல் ஆசை என்ற ஒன்று இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

கடன் மோசடி அத்தகையதன்று. அந்தத் தாய் இலவசமாக எதையும் கேட்கவில்லை. வட்டியோடு திருப்பித் தர ஒப்புக்கொண்டு, மாதத் தவணையைத் தையற்கூலியில் எப்படிச் சமாளிப்பது என்று நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். உழைத்து அடைக்க முன்வந்தவரைப் பேராசைக்காரர் வரிசையில் நிறுத்திச் சிரித்தோம். 1990-களில் நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து, அதன் விளைவாக 1997-இல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் வந்தபோது, இழந்தவர்கள் சேமித்து வைத்திருந்தவர்கள். இப்போது இழப்பவர்களிடம் சேமிப்பே கிடையாது. இழப்பதற்காகவே அவர்கள் கடன் வாங்குகிறார்கள்.

நேர்மையான கட்டணம் எது?

கடன் கொடுப்பவர் அசலுக்கு மேல் ஏதேனும் பெறலாமா என்பது நம் குருமடங்களில் நெடுங்காலம் வாதிக்கப்பட்ட பொருள். 1462-இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கு சபைத் துறவியரின் முயற்சியால் ஏழைகளுக்கான அடகுக் கடன் நிலையம் ஒன்று தோன்றியது. மோந்தே தி பியேத்தா என்று பெயர். அது வேறு நகரங்களுக்கும் பரவியது. பணியாளர் செலவுக்கெனச் சிறு தொகை வாங்கியதை வட்டி என்று சிலர் கண்டித்தனர். 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம், நிலையத்தை நடத்தும் செலவுக்கு மட்டும் மிதமான தொகை பெறுவது குற்றமன்று என்று தீர்த்தது. பாடமாகப் படித்த காலத்தில் இது நமக்குச் சலிப்பூட்டியது. இப்போதுதான் அதன் அருமை தெரிகிறது. கடன் பெற்றவரிடமிருந்து, நடத்தும் செலவுக்கு, மிதமாக. பெறாதவரிடம் கேட்கும் கட்டணத்தைப் பற்றி அந்த அறிஞர்கள் வாதிடவே இல்லை.

இன்றைய நடைமுறைக்கு வருவோம். முத்ரா திட்டம் 2015 ஏப்ரல் 8-ஆம் நாள் தொடங்கியது. முத்ரா என்ற நிறுவனம் தனிமனிதர் எவருக்கும் நேரே கடன் தருவதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் கடனுக்குப் பின்னின்று மறுநிதி வழங்குவதே அதன் பணி. ஆகையால் 'முத்ரா அலுவலகம் உங்களுக்குக் கடன் அனுமதித்துள்ளது' என்று வரும் கடிதம், அச்சு எவ்வளவு அழகாயிருப்பினும் பொய். இத்தகைய போலிக் கடிதங்களைக் குறித்து மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. வேதனை என்னவென்றால், தையல் தொழில் செய்யும் அந்தத் தாய் மெய்யாகவே தம் வங்கிக் கிளைக்குச் சென்று, தொழிலுக்காக முத்ரா கடன் கேட்கத் தகுதியுள்ளவர். ரூ. 50,000 வரையுள்ள சிசு பிரிவுக் கடனுக்குப் பெரும்பாலான வங்கிகள் பரிசீலனைக் கட்டணமே வாங்குவதில்லை.

கைபேசிவழிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதிகளை வகுத்தது. கடன் தொகை, கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து வாங்குபவரின் கணக்குக்கு நேரே செல்ல வேண்டும். நடுவில் மூன்றாமவர் கணக்கு கூடாது. இடைநின்று உதவும் முகவருக்குரிய கூலியை நிறுவனமே கொடுக்க வேண்டும். கடன் வாங்குபவரிடம் கேட்கலாகாது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒரே தாளில் முன்னதாகவே எழுதித் தர வேண்டும். வாங்கிய கடன் வேண்டாமென்று குறிப்பிட்ட காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடவும் இடமுண்டு. பதிவு பெற்ற நிறுவனங்களின் கடன் செயலிகளுக்கான பட்டியலை 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியே தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. மோசடிக்காரர்கள் இல்லாத நிறுவனத்தின் பெயரைச் சொல்லுவதில்லை. நாடறிந்த நிறுவனத்தின் பெயரையே கடிதத்தில் போடுகிறார்கள். 'கட்டணம் முன்கூட்டிக் கேட்டால் மோசடி' என்று ஒற்றை வரியில் முடித்துவிடவும் இயலாது. வீட்டுக் கடன் போன்றவற்றுக்குச் சில வங்கிகள் விண்ணப்பத்தோடு ஒரு கட்டணம் வாங்குவதுண்டு. ஆனால் அது வங்கியின் பெயரிலுள்ள கணக்கில் ஏறும். ஏதோ ஒரு தனியாளின் பெயருக்குப் போகாது. மற்றக் கடன்களில் பெரும்பாலும் கட்டணத்தைக் கடன் தொகையிலேயே கழித்துக்கொள்வார்கள். அந்தத் தாய் பணம் அனுப்பிய ஐந்து முறையும், கைபேசித் திரையில் ஐந்து வெவ்வேறு தனியாள்களின் பெயர்கள் தெரிந்திருக்கின்றன. அரசாங்கத்துக்குக் கட்டும் வரி எவரோ ஒரு தம்பியின் கணக்குக்கு ஏன் போக வேண்டும் என்று ஒரு கணம் கேட்கும்படி யாரும் அவர் அருகில் இல்லை. எனவே நம் குடும்பங்களில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவரச் சொல்வோம்: பணம் அனுப்புமுன், திரையில் தெரியும் பெயரை வீட்டிலுள்ள மற்றொருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

பணம் கொடுத்துவிட்டுப் பிறகு படங்களையும் தொடர்பு எண்களையும் வைத்து மிரட்டும் கடன் செயலிகள் வேறொரு கூட்டம். ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021-இல் ஆய்ந்தபோது, நம் நாட்டவர்க்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. அதைத் தனியே எழுத வேண்டும்.

முதல் மணி நேரம்

பணம் போய்விட்டது என்று உணர்ந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: 1930 என்ற எண்ணை அழைப்பது. 2021-இல் 155260 என்ற எண்ணோடு தொடங்கிய தேசிய உதவி எண்தான் பின்னர் 1930 ஆயிற்று. இணையத்தில் புகார் பதியும் தேசியத் தளமும் 2019 முதல் இருக்கிறது. அழைத்தவுடன் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் பணம் போயிற்று, பரிமாற்ற எண் என்ன, தொகை எவ்வளவு என்று கேட்பார்கள். அந்த விவரம் உடனே வங்கிகளுக்குச் செல்லும். பணம் இன்னும் அந்தக் கணக்கிலோ அடுத்த கணக்கிலோ நின்றால், அதை எடுக்க முடியாதபடி நிறுத்திவைப்பார்கள். மோசடிக்காரர்கள் தங்கள் பெயரில் கணக்கு வைப்பதில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கை வாடகைக்கு விடும் இளைஞர்களின் பெயர்களில் வாங்கி, நிமிடங்களுக்குள் பல கணக்குகளுக்குப் பிரித்து மாற்றிவிடுகிறார்கள். (நம் இளைஞர்கள் கவனிக்க: கணக்கை வாடகைக்குக் கொடுத்தவரும் வழக்கில் சிக்குவார்.) ஆகவே இங்கு மணிக்கணக்கு முக்கியம்.

அந்தத் தாய்க்காக நாம் 1930-ஐ அழைத்தபோது, முதல் தொகை போய்ப் பத்தொன்பது நாள்கள். கடைசித் தொகை போய் எட்டு நாள்கள். ஒரே ஒரு கணக்கில் ரூ. 3,200 நின்றது. மற்றவை போன இடம் தெரியவில்லை.

அவர் இசைவோடு அடுத்த ஞாயிறு கோயிலில் இதைச் சொன்னோம். சென்ற முறை சொன்ன வேடிக்கைக் கதைக்காக மன்னிப்பும் கேட்டோம். அடுத்த இரு வாரங்களில் நான்கு குடும்பங்கள் அறைவீட்டுக்கு வந்தன. அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவர்! மனைவிக்குத் தெரியாமல் ரூ. 41,000 இழந்திருக்கிறார். மற்றொருவர் ஆட்டோ ஓட்டும் தம்பி. அவர் மட்டும், பணம் அனுப்பிய முக்கால் மணி நேரத்துக்குள், அண்ணனிடம் திட்டு வாங்கிக்கொண்டே 1930-ஐ அழைத்திருக்கிறார். அனுப்பிய ரூ. 12,000-இல் ரூ. 9,000 நிறுத்திவைக்கப்பட்டு, நீதிமன்ற ஆணையின் பேரில் சில மாதங்கள் கழித்துத் திரும்பக் கிடைத்தது. ஆசிரியரைவிட அவர் விவரமானவர் என்று நாம் சொல்லமாட்டோம். திட்டுவதற்கு ஓர் அண்ணன் பக்கத்தில் இருந்தார்.

பணம் போனதோடு தொல்லை முடிவதில்லை. ஆதார், பான் அட்டைகளின் படங்கள் அவர்கள் கையில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு நம் பெயரில் வேறு கடன் எழுந்திருக்கிறதா என்று பார்க்க, கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும் என்பது 2017 முதல் விதி. நம் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் காணலாம். இவ்விரண்டையும் நம் பங்கின் இளைஞர் இருவர் ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் பின் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

பெண்ணின் கல்லூரிக் கட்டணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ரூ. 4,00,000 வரை, பெற்றோர் உடன் கையொப்பமிட்டால் போதும். வேறு பிணை கேட்பதில்லை. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து, வங்கிக்கு ஐந்து முறை நடந்து, ஏழு வாரங்களில் கடன் கிடைத்தது. அதுவரை பொறுக்கும்படி கல்லூரிக்கு நாம் ஒரு கடிதம் எழுதினோம், பொறுத்தார்கள். முதலிலேயே ஏன் அங்கே போகவில்லை என்று கேட்டபோது, "பேங்குல ஏழு வாரம் சாமி, அவன் ரெண்டு மணி நேரம்னு சொன்னான்" என்றார். சிறுபான்மையினர்க்கு மாநில அரசின் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமும் கல்விக்கும் சிறு தொழிலுக்கும் கடன் தருகிறது என்பதை நம் பங்கில் எத்தனை பேர் அறிவர்? நாமே அவ்வாண்டுதான் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பப் படிவங்கள் வாங்கி வந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடிக்கிறோம். இரண்டாம் திருப்பலிக்குப் பின், மறைக்கல்வி வகுப்பறையில் குழுப் பெண்கள் பதினான்கு பேர் கூடியிருந்தனர். நாம் பேசுவதாகச் சொன்னோம். வேண்டாமென்று, அவரே எழுந்து நின்று சொன்னார். கணக்குப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். நீண்ட நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒருவர் மட்டும், "எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல" என்றார். மற்றொருவர் புத்தகத்தை இழுத்து, 'கைமாற்று ரூ. 15,000, மாதம் ரூ. 500' என்று எழுதினார். பொருளாளர் பொறுப்பை மாற்றவில்லை. ஆனால் பணம் இனி எவர் வீட்டிலும் இராது, அஞ்சலகக் கணக்கில் இருக்கும் என்று முடிவு செய்தார்கள்.

கூட்டம் கலையும்போது, மீன் விற்கும் ஒரு மூதாட்டி மட்டும் பெஞ்சிலேயே அமர்ந்திருந்தார். முந்தானையிலிருந்து கைபேசியை எடுத்து நம்மிடம் நீட்டினார். திரையில் அதே சிங்கம், அதே வட்ட முத்திரை, அவருடைய பெயருக்கு. "நானும் ரூவா கட்டியிருக்கேன் சாமி. இப்ப வேற ஒருத்தன் போலீசுன்னு பேசுறான். போன காச மீட்டுத் தாரேன், மூவாயிரம் அனுப்புன்னு சொல்றான். இன்னைக்கு சாயங்காலம் அனுப்பலாம்னு இருந்தேன்." போலீசார் புகாருக்குப் பணம் வாங்குவதில்லை என்று சொல்லி, தையற்காரத் தாயை அவர் அருகில் உட்காரச் சொன்னோம். அவர் மூதாட்டியின் கைபேசியை வாங்கி 1930-ஐ அழுத்தினார். எண் வேலையாக இருந்தது. மூன்றாம் முறை கிடைத்தது.